எங்கள் பாத்தியை அளந்துவிட்டுப் போன ஆள்

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மொய்க் கவரின் மேல் என் பெயரும், உப்பு லாரியில் மூட்டை ஏறும்போது போடுகிற கோடுகளும்தான். படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதற்கு என் மனைவி வசந்தாதான் காரணம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது பிடித்துக்கொண்டு, "அந்த ஷூ கதையைச் சொல்லுங்க" என்பார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் வசந்தா கதையை எடுத்துக்கொள்வாள். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வருஷமும் கதையில் புதிதாக ஒரு ஆள் சேர்ந்துவிடுகிறார். போன மாதம் ஒரு வளைகாப்பில் சொன்னபோது போலீஸ் ஜீப் வந்துவிட்டது. உண்மையில் ஜீப் எதுவும் வரவில்லை. கலெக்டர் வருவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் கூச்சத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் "இறங்கணும்" என்று கத்த எனக்கு வாய் வராது. வேறு யாராவது இறங்கினால் பின்னாலேயே இறங்கிக்கொள்வேன். யாரும் இறங்காவிட்டால் அடுத்த ஸ்டாப்பிலிருந்து திரும்பி நடந்து வருவேன். (சக்கரைக்கு நல்லதுதானே என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்போது எனக்குச் சக்கரை இருப்பதே தெரியாது.)

மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம். எங்களுக்கு என்றால் எனக்கும் என் மச்சான் ஏழுமலைக்கும். மச்சான் என்பது வசந்தாவின் அண்ணன். குத்தகை நிலம், இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். அவர் பேசுவார், நான் வேலை செய்வேன். அந்த ஏற்பாடு இரண்டு பேருக்குமே பிடித்திருந்தது.

நாற்பது வயது ஆனபோது என் கால்களில் ஒரு மாற்றம் தெரிந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பாதத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும், உப்புத் தண்ணீரில் வைத்தவுடன் உயிர் போகும். எனக்கு அது நின்றுவிட்டது. குதிகாலில் கிளிஞ்சல் கிழித்து ரத்தம் வருவதைப் பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் கால் உப்புக்கு நன்றாகப் பழகிவிட்டது என்று பெருமைப்பட்டேன். மச்சானிடம்கூடச் சொன்னேன். அவர் பொறாமைப்பட்டார்.

பிறகு கிளியனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பஸ்ஸிலேயே ஒரு செருப்பை விட்டுவிட்டு, மண்டபம் வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்து போயிருக்கிறேன். மண்டப வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஒன்று குறைகிறது என்று தெரிந்தது. பகலில் இப்படி மதமத என்று இருக்கிற கால், படுத்தவுடன் எரிய ஆரம்பிக்கும். அடுப்பில் வைத்தது போல எரியும். போர்வை பட்டால்கூடத் தாங்காது. வசந்தா ஈரத் துணியைச் சுற்றிப் பார்த்தாள், விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தாள், கடைசியில் பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒரு பஞ்சால் பாதத்தைத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். ஒரு ஊசி முனையால் தொட்டுக் கேட்டார். இல்லை என்று சொன்னால் அவருக்கு வருத்தமாக இருக்குமோ என்று இரண்டு தடவை தெரியுது என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவை அவர் தொடவே இல்லையாம்.

"சக்கரை நரம்பைத் தின்னுட்டு வருது. இன்னா வேலை செய்றீங்க?"

"உப்பளம் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வெறுங்கால்லயா?"

நான் சிரித்தேன். (கூச்சம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். எழவு வீட்டிலும் வரும்.)

வசந்தாதான் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு டாக்டர் என்னிடம் பேசவில்லை, அவளிடமே பேசினார். இனிமேல் வெறுங்காலோடு வீட்டுக்குள்ளேகூட நடக்கக் கூடாது. தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மெத்தென்று ஷூ வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியைக் கால்தான் செய்ய வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஒரு புண் வரும், வந்தது தெரியாது, அப்புறம் விரலை எடுக்க வேண்டி வரும். இதை அவர் சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண்ணிடம் அனுப்பினார்கள். எங்கள் பெரிய பெண்ணைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என்னை அங்கிள் என்று கூப்பிட்டது. உட்கார்ந்துகொண்டு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கச் சொன்னது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, விரல் முனையில் நின்று, மெதுவாக இறங்கச் சொன்னது. அதற்கு அடுத்ததுதான் இந்தக் கதைக்கு முக்கியம்.

"ஒரு காலோட குதிகால் இன்னொரு காலோட விரல் நுனியில ஒட்டினாப்ல வரணும் அங்கிள். கோட்டு மேல நடக்கற மாதிரி. கை ரெண்டும் விரிச்சுக்கோங்க. காலைப் பாக்கவே கூடாது. நேரா பாருங்க."

"காலைப் பாக்காம எப்படிம்மா?"

"காலுக்கு உணர்ச்சி கம்மியாயிட்டதால நீங்க எப்பவும் கண்ணாலயே நடக்கறீங்க. அதை மாத்தணும். மேடு பள்ளம் இல்லாத எடமா பாத்து நடங்க. சறுக்கக் கூடாது, கல்லு இருக்கக் கூடாது."

"இதெல்லாம் செஞ்சா எரிச்சல் போயிடுமா?" என்று வசந்தா கேட்டாள்.

"போயிடும்னு சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. கொறையும். கால் அவர் பேச்சைக் கேக்கும்."

அன்றைக்கே ஷூ வாங்கினோம். அடிப்பக்கம் அலை அலையாகக் கோடு போட்ட ஷூ. கடைக்காரர் ஷூவின் நாக்கைப் பிடித்து இழுத்துக் கயிறு கட்டிவிட்டபோது, யாராவது தெரிந்தவர்கள் பார்க்கிறார்களா என்று நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது வசந்தா சொன்னாள்: "அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. இனிமே அளத்துல எறங்க முடியாதுன்னு."

"சொல்றேன்," என்றேன்.

சொல்லவில்லை. காரணம் இதுதான். உப்பளத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் கால் வைக்க மாட்டார்கள். மோட்டார் கொட்டகை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். மச்சான் அதில் ரொம்பக் கண்டிப்பு. வாயில் போடுகிற பொருள் என்பார். உப்பு வாங்க வந்த வியாபாரி ஒருவரைச் செருப்போடு வரப்பில் ஏறியதற்காகத் திருப்பி அனுப்பியவர். அவரிடம் போய், எனக்கு வெறுங்கால் ஆகாது என்று சொன்னால் நான் கரையில்தான் உட்கார வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற அளத்தில் ஒருவன் வேலை செய்து இன்னொருவன் கரையில் உட்கார்ந்தால் அவனுக்குப் பெயர் பங்காளி இல்லை. எனக்குப் பேசத் தெரியாது, கணக்குத் தெரியாது. என்னிடம் இருந்தது இரண்டு கால்தான். அந்தக் கால்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

சரி, பயிற்சியையாவது ரகசியமாகச் செய்வோம் என்று விடிகாலையில் ஷூவைப் போட்டுக்கொண்டு ரோட்டில் நடந்தேன். எங்கள் பக்கத்தில் வேலை இல்லாமல் யாரும் நடப்பதில்லை. நடந்தால் எங்காவது போக வேண்டும். எதிரில் பால் கேனோடு வந்தவர் சைக்கிளை நிறுத்தினார்.

"எங்கப்பா இவ்வளவு காலையில?"

உடற்பயிற்சி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "கீழ்புத்துப்பட்டு கோயிலுக்கு."

"நடந்தா?"

"வேண்டுதல்."

அவர் கும்பிட்டார். நான் அடுத்த வளைவைத் தாண்டுவதற்குள் எனக்கு முன்னாலேயே சைக்கிளில் போய்ச் சொல்லியிருக்கிறார். வழியில் இரண்டு பெண்கள் தேங்காயோடு நின்றார்கள். ஒரு பெரியவர் கற்பூரம் கொடுத்து, பேரனுக்காக ஏற்றச் சொன்னார். அத்தனை தூரம் நடக்க என்னால் ஆகாது. ஒருவருக்கும் தெரியாமல் பஸ் ஏறிப் போய், எல்லார் தேங்காயையும் உடைத்து, திருநீறு வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பி வந்தேன். அதோடு ரோட்டை விட்டுவிட்டேன்.

அப்போது தை மாதம். சுனாமி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மழைத் தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி, உப்பு விளைகிற பாத்திகளைத் தயார் பண்ணும் நேரம். பாத்தித் தரையைக் காலால்தான் மிதித்து இறுக்க வேண்டும். எல்லோரும் தோளோடு தோள் நின்று, ஒரு இம்மி விடாமல் மிதித்துக்கொண்டே போவோம். மிதித்துக் காயவிட்டு, மறுபடி மிதிப்போம். தரையில் ஒரு பள்ளம் இருந்தாலும் வாரும்போது உப்போடு களிமண் வந்துவிடும். கறுப்பு உப்பை யார் வாங்குவார்கள்? அந்த வருஷம் கிழக்கு ஓரப் பாத்தி அப்படி அமைந்துவிட்டது. மச்சான் வருகிறவர் போகிறவரை எல்லாம் கூட்டி வந்து காட்டினார். "எல போட்டுச் சாப்பிடலாம் இதுல," என்றார். தண்ணீர் விடுவதற்கு முன்னால் சில நாள் காய வேண்டும்.

மேடு பள்ளம் இல்லை, கல் இல்லை, சறுக்காது. கேட்பதற்கு ஆளும் இல்லை. அந்தப் பெண் சொன்ன இடம் எங்கள் பாத்திதான் என்று எனக்குத் தோன்றியது. (தோன்றியபோது நான் என்னை மெச்சிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.)

மறுநாள் விடியும் நேரத்தில் ஷூவோடு இறங்கினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நடை நடந்ததில்லை. கையை விரித்துக்கொண்டு, குதிகாலை விரலில் ஒட்டி, பாத்தியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், திரும்பி இந்த ஓரம் வரைக்கும். நடுவில் உப்பு வாரும் பலகையை ஊன்றிப் பிடித்துக்கொண்டு விரல் முனையில் நின்று இறங்கினேன். முகத்தில் கடல் காற்று. காலைப் பார்க்கவே இல்லை. பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. முடித்துவிட்டு ஷூவை ஒரு காலி உர மூட்டையில் சுருட்டி மோட்டார் கொட்டகையில் ஒளித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், சக்கரை இல்லாத டீ குடித்தேன். டீகூட இனித்தது.

வேலைக்கு எல்லோரோடும் நான் திரும்பி வந்தபோது பாத்தியைச் சுற்றிக் கூட்டம். மச்சான் வரப்பில் குந்தி உட்கார்ந்திருந்தார். வெளுத்துக் கிடந்த தரையில் என் ஷூத் தடம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, நூல் பிடித்தது போல நேராகப் போயிருந்தது. நாம் வீட்டுமனையைக் காலால் அளப்போமே, குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து, அதேதான்.

"அளந்துட்டுப் போயிருக்காங்க," என்றார் மச்சான்.

எங்களிடம் வேலை செய்கிற பூங்காவனம் அக்கா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டது. "யாருய்யா? யாரு அளந்தது?"

"ஷூ போட்டவன். நம்ம ஆளுங்கள்ள ஷூ யாரு போடறாங்க? பேண்ட்டு போட்டுகினு வந்திருக்கான். ராவோட ராவா அளந்துகினு போயிட்டான்."

அந்த ஒரு வருஷமாகக் கடற்கரைப் பக்கம் யாராவது எதையாவது அளந்துகொண்டேதான் இருந்தார்கள். இடிந்த வீட்டை அளந்தார்கள், புது வீட்டுக்கு இடம் அளந்தார்கள். டேப்பைப் பார்த்தாலே எங்கள் ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். எங்களுடையதோ குத்தகை நிலம். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒருவர், "இறால் பண்ணைக்குத்தான் கேக்கறாங்களாம்," என்றார். மறுபடி திறந்தேன். "ஓட்டல் கட்டப் போறாங்களாம்ப்பா," என்றார் இன்னொருவர். எனக்கு ஒரு பேச்சில் நுழைய வேண்டும் என்றால் மற்றவர்கள் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். அன்றைக்கு யாரும் சும்மா இல்லை.

மச்சான் நடுப் பாத்தியைக் காட்டினார். அங்கே விரல் முனை மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. "தோ பாரு, இங்க எட்டி நின்னு அடுத்த அளத்தையும் பாத்திருக்கான். இதோட விடப் போறதில்ல அவன்."

அடுத்த அளத்துக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"எவ்வளவு பெரிய ஆளுன்னு பாப்போம். மாப்ள, உன் காலை வை."

வைத்தேன். தடத்துக்குள் என் கால் அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

"உன் ஒசரந்தான் இருப்பான்," என்றார் மச்சான். "ஆளு வாட்டசாட்டம் இல்ல. ஆனா ரொம்ப அனுபவஸ்தன். ஒரு எடத்துலகூடக் கோணல பாரு."

அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. பயிற்சி சரியாகத்தான் வந்திருக்கிறது.

பூங்காவனம் அக்கா எழுந்து போய் உப்புக் கூடைகளை எடுத்து வந்தது. சாட்சி அழிந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு தடத்தின் மேலும் கூடையைக் கவிழ்த்தது. எங்கள் கூடை போதாமல் அடுத்த அளத்திலிருந்தும் வாங்கி வந்தார்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் வரிசையாகக் கவிழ்ந்த கூடைகள். அவரவர் நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார்கள். அதைப் பார்க்கப் பார்க்க என் கால் எரிந்தது.

சாயங்காலம் உர மூட்டையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். வசந்தா மூட்டையைப் பிரித்தாள். ஷூவின் அடியில் களிமண். அவள் காதுக்கும் விஷயம் வந்திருந்தது. ஷூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். ரொம்ப நேரம் கழித்து வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சிரிச்சியா அழுதியா?" என்று கேட்டேன்.

"ரெண்டுந்தான். அண்ணன்கிட்ட சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன்."

"அவரு நாளைக்கு தாலுக்கா ஆபீசுக்குப் போறாரு, ஆளுங்களைக் கூட்டிகினு. எல்லாரும் பொழப்பை விட்டுட்டுப் போறாங்க."

"போறதுக்கு முன்னால சொல்லிடறேன்."

காலையில் மச்சான் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றார். "மாப்ள, நீயும் வா. நீ பேச வேணாம், நின்னா போதும். காலுக்கு ஏதாவது நல்லதா இருந்தாப் போட்டுக்க."

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வசந்தா உள்ளேயிருந்து ஷூவைக் கொண்டு வந்தாள். கழுவித் துடைத்து, பளிச்சென்று. என் காலடியில் வைத்தாள்.

"இதைப் போட்டுக்குங்க. பாண்டிச்சேரில வாங்கினது."

"நல்லாயிருக்குதே. எப்ப வாங்கின?" என்றார் மச்சான்.

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். ஷூவைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆபீசில் அதிகாரி ஐம்பதைத் தாண்டியவர், அமைதியாகக் கேட்டுக்கொண்டார். மச்சான் நன்றாகவே பேசினார். எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள் என்றார், சொல்லாமல் கொள்ளாமல் அளப்பது நியாயமா என்றார். பின்னால் நின்ற பூங்காவனம் அக்கா மூக்கை உறிஞ்சியது. நான் கதவோரம் நின்றேன்.

"எங்க ஆபீஸ்லேர்ந்து யாரும் வரலைங்க," என்றார் அதிகாரி. "அளக்கணும்னா உங்களுக்குச் சொல்லிட்டுப் பகல்ல வந்து சங்கிலி போட்டு அளப்போம். காலால எதுக்கு அளக்கறோம்?"

"அதாங்க ஐயா ரகசியமா வந்திருக்கான். ஒட்டி ஒட்டி வச்சு நடந்திருக்கான்."

"எப்படி? காட்டுங்க."

மச்சான் திரும்பினார். "மாப்ள ஷூ போட்டிருக்காரு. நீ நடந்து காட்டு மாப்ள. அப்பதான் ஐயாவுக்கு வெளங்கும்."

தடுமாறி ஏனோதானோ என்று நடந்திருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் கூச்சக்காரனுக்கு ஒரு குணம் உண்டு. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் எங்கே தப்பாகிவிடுமோ என்ற பயத்திலேயே அந்தக் காரியத்தை ஒழுங்காகச் செய்துவிடுவான். கையை இரண்டு பக்கமும் விரித்தேன். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். குதிகாலை விரலில் ஒட்டி, ஒட்டி, சுவர் வரைக்கும் போனேன். சுவர் வந்ததும் கை தானாகவே பிடித்துக்கொண்டது. விரல் முனையில் எழும்பி நின்று, மெதுவாக இறங்கி, திரும்பி, வந்த வழியே வந்தேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"எரிச்சல் எந்தக் கால்லங்க?" என்று கேட்டார்.

"ரெண்டுலயும் சார். இடது கொஞ்சம் ஜாஸ்தி."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

"படுத்தா?"

"போர்வை பட்டாலே ஆகல சார்."

"எனக்கும் அப்படித்தான்," என்றார் அவர். "ஆனா நீங்க திரும்பறப்ப அவசரப்படறீங்க. அங்கதான் விழுவோம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்க திரும்பறதை மூணா பிரிச்சு வைக்கச் சொன்னாங்க. இருங்க." எழுந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, கையை விரித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து காட்டினார். "நீங்களும் வாங்க. ஆங், அப்படி." நான் அவர் பின்னால் நடந்தேன். சுவர் வரைக்கும் போய் இரண்டு பேரும் எழும்பி நின்றோம். பைலோடு உள்ளே வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

பூங்காவனம் அக்கா தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது: "ஏழுமல, இன்னாய்யா இது? ரெண்டு பேரும் சேந்துகினு இப்ப ஆபீஸை அளக்கறாங்க."

மச்சான் என் ஷூவைப் பார்த்தார். கிட்டே வந்து, "மாப்ள, காலைத் தூக்கு," என்றார். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர் போலக் குனிந்து, என் காலைப் பிடித்துத் திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்தார். அலை அலையாகக் கோடு. முந்தின நாள் பூராவும் கூடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்த அதே கோடு. காலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஐயா, தப்பா வந்துட்டோம்," என்றார் அதிகாரியிடம். "யாரும் அளக்கல."

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின் சீட்டில் இருந்தவர்கள் அவருக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்கள். பூங்காவனம் அக்காவால் மட்டும் முடியவில்லை. "நேத்து பூரா அந்தத் தடத்துக்கு மண்ண வாரித் தூத்தி சாபம் உட்டுகினு இருந்தேன். காலு வெளங்காமப் போவணும்னு. இப்ப அதைத் திருப்பி எடுக்கணுமே, யாரைப் போய்க் கேக்கறது?" என்றது. பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார், அவருக்கு விஷயமே தெரியாது.

மச்சான் சிரிக்கவில்லை. "சக்கரையா? எவ்ளோ நாளா?" என்றார்.

"ரெண்டு வருஷமா இருக்கும் மச்சான்."

"உப்பு எரியலன்னு சொன்னியே. அதுவா?"

"அதுதான்."

"நான் பொறாமப்பட்டேன்யா," என்றார். குனிந்து என் ஷூவைப் பார்த்தார். "விரலை எடுத்துருவாங்களாமே. எங்க சித்தப்பாவுக்கு எடுத்தாங்க. தெரிஞ்சும் எறங்கினியா?"

"கரையில உக்காந்தா நல்லா இருக்காது மச்சான். நான் வேற எதுக்கு ஆவேன்?"

"எதுக்கா? நான் நாள் பூரா பேசறனே, அதைக் கேக்கறதுக்கு வேற எவன் இருக்கான்?" சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மோட்டாரைப் பாரு. எடை போடு. லாரிய அனுப்பு. கரையில ஆயிரம் வேல கெடக்குது. பாத்தில மட்டும் காலை வச்ச, நானே ஒடைப்பேன்."

அப்படித்தான் ஆயிற்று. கரை வேலை எனக்கு, பாத்தி வேலை அவருக்கு. நடை ரோட்டுக்கு மாறியது. எங்கே போகிறாய் என்று இப்போது யாரும் கேட்பதில்லை, அளந்தாச்சா என்று கேட்கிறார்கள். எரிச்சல் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் போர்வை போர்த்துகிறேன். விரல் பத்தும் இருக்கின்றன. குடும்பத்தில் எனக்குப் பெயர் சர்வேயர் மாமா. யார் மனை வாங்கினாலும் பத்திரம் பதிவதற்கு முன்னால், "மாமாவை ஒரு நடை நடந்து காட்டச் சொல்லு," என்பார்கள். நானும் நடந்து காட்டுகிறேன். கூச்சம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மறுத்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது.

ஆபீசிலிருந்து திரும்பிய மறுநாள் எல்லோரும் கூடைகளை எடுத்துவிட்டு, அந்தப் பாத்தியில் இறங்கி மறுபடியும் மிதித்தார்கள். நான் கரையில் இருந்தேன். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.